சோயாவும் யோகாவும் சரி, தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 18, உலக மாதவிடாய் நிறுத்த நாளை ஒட்டி உங்கள் மகளிர் இணைப்பில் வந்த முழுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் சொன்னதில் மருத்துவத் தவறு என்றும் எதுவும் இல்லை. படுக்கையறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள், பருத்தி இரவு உடை போடுங்கள், சோயாவும் பாதாமும் சேருங்கள், யோகா செய்யுங்கள், கணவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், தினமும் ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள். எல்லாம் சரி. ஆனால் நான் வடசென்னையில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்; வியாசர்பாடி, புளியந்தோப்பு, கன்னிகாபுரம் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கியவள். இந்த அறிவுரைகளில் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய முடிகிற நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களுக்கும் இதே வயதில்தான், சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே, மாதவிடாய் நிற்கிறது. அவர்களைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன். கடிதம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் அந்தப் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். ஹவுசிங் போர்டு பழைய கட்டடங்களில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும்தான் வீடு. அதற்குள் கணவன், மகன், மருமகள், கைக்குழந்தை, கல்யாணமாகாத ஒரு மகள். மின்விசிறி ஒன்று, அதற்கு நேர் கீழே குழந்தைதான் படுக்கும், அதில் யாருக்கும் மறுபேச்சு கிடையாது. அம்மா படுப்பது கதவோரம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி தடுமாறுகிறது. சாதாரணமாக உடம்பு கண்டுகொள்ளாத சின்ன வெப்ப மாற்றத்துக்குக்கூட ரத்தக் குழாய்கள் விரிந்து, மார்பிலிருந்து முகம்வரை ஒரு தகிப்பு ஏறி, வியர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் அடங்குகிறது, அடங்கியதும் குளிர்கிறது. இது அக்னி நட்சத்திரத்தில், பகலெல்லாம் வெயில் வாங்கிய ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரே ராத்திரியில் நாலைந்து தடவை வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பத்து நாளில் போய்விடுகிற விஷயமும் இல்லை. அமெரிக்காவில் 1990களிலிருந்து பல இனப் பெண்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், அடிக்கடி தகிப்பு வருகிறவர்களுக்கு அது பொதுவாக ஏழு ஆண்டுக்கு மேல் நீடித்தது தெரியவந்தது. அங்கேயே சீன, ஜப்பானியப் பெண்களுக்குக் குறைவு, கறுப்பினப் பெண்களுக்குப் பத்தாண்டு வரைக்கும். இந்தியப் பெண்கள் அந்த ஆய்வில் இல்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு முந்தானையால் விசிறிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்களை எங்கள் பக்கம் எந்தச் சந்திலும் பார்க்கலாம். மூன்று, மூன்றரைக்கு அடிபம்பில் தண்ணீர் வந்துவிடும், இனிமேல் எதற்குப் படுப்பது என்று குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கிறோம் என்று கல்லூரி மாணவிகள் ஆய்வுக்கு வருவதுண்டு. கையில் ஒரு கேள்வித்தாள் இருக்கும். ஜெர்மனியில் உருவாக்கியது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பதினொரு கேள்விகள்: தகிப்பு, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு, எரிச்சல், பதற்றம், அசதி, தாம்பத்தியச் சிக்கல், சிறுநீர்த் தொல்லை, பிறப்புறுப்பு வறட்சி, மூட்டு வலி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மதிப்பெண், மொத்தம் 44. கூட்டிப் பார்த்து இவருக்குப் பாதிப்பு சுமார், இவருக்குக் கடுமை என்று எழுதிக்கொண்டு போவார்கள். ஒரு மாணவி, "தூக்கம் நல்லா வருதாக்கா?" என்று கேட்க, மீன் விற்கும் அக்கா ஒருவர், "தண்ணி லாரி வராத அன்னிக்கு வரும்மா" என்றார். எந்த எண்ணைப் போடுவது என்று புரியாமல் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தது.

கேள்வி அந்தப் பெண்ணுக்கு மட்டும் இல்லை. மூட்டு வலிக்கு 4 போட்டால் அது ஹார்மோனா, மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறிய குடமா? எரிச்சலுக்கு 3 போட்டால் அது உடம்பா, அன்றைக்குக் குழுக் கடன் தவணை கட்ட வேண்டிய கிழமையா? படபடப்பு மாதவிடாய் நிற்பதாலா, மகன் குடித்துவிட்டு இன்னும் வீடு வராததாலா? பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. உடம்புக்குள் நடப்பது அண்ணா நகர் பெண்ணுக்கும் வியாசர்பாடிப் பெண்ணுக்கும் ஒன்றேதான். அது வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்பதைத் தண்ணீர், கழிப்பறை, படுக்கிற இடம், லீவு, மருத்துவர் உட்காருகிற நேரம் இவையெல்லாம்தான் முடிவு செய்கின்றன. கேள்வித்தாளில் இல்லாததும் இவைதான். மாத்திரை கொடுப்பது பாதி வேலை, மீதிப் பாதி மருத்துவத் துறையின் கையிலேயே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் ஊரில் ஒரு ஏழைப் பெண்ணின் உடம்பை அரசு எப்போதெல்லாம் கவனிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வயதுக்கு வந்தால் நாப்கினும் இரும்புச்சத்து மாத்திரையும். கர்ப்பமானால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்தி. இரண்டாவது குழந்தை பிறந்ததும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அதைச் செய்துகொண்டவர்கள், பெரும்பாலோர் முப்பது வயதுக்குள்ளேயே. அதோடு ஆஸ்பத்திரிக்கும் அவளுக்கும் இருந்த உறவு அறுந்துபோகிறது. பிறகு நாற்பத்தைந்தில் சர்க்கரை, பிபி என்று மறுபடி கண்ணில் படுகிறாள். நாட்டின் பெரிய சுகாதாரக் கணக்கெடுப்புகளில் ஒன்றான தேசியக் குடும்ப நல ஆய்வு 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களைத்தான் விசாரிக்கிறது. இந்தியப் பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேற்கத்திய நாடுகளில் 51. ஏழைகளுக்கும் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் இன்னும் முன்னதாக நிற்கிறது. தொல்லை சூடுபிடிக்கிற நேரத்தில் கணக்கெடுக்க வந்தவர் நோட்டை மூடிவிடுகிறார். தமிழ்நாட்டுப் பெண்கள் எழுபதைத் தாண்டி வாழ்கிறார்கள், மாதவிடாய் நின்ற பிறகு மட்டும் கால் நூற்றாண்டு. அந்தக் கால் நூற்றாண்டுக்கு நம்மிடம் என்ன கணக்கு இருக்கிறது? முதியோரைப் பற்றிய தேசிய ஆய்வு ஒன்று 45 வயதிலிருந்து ஆரம்பிக்கிறது, அதுவும் நல்லதுதான், ஆனால் அது முதுமையைப் பற்றியது. நாற்பத்தாறு வயதில் ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் முதியவளா என்ன.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பதில் கல்யாணம் ஆன பெண்ணுக்கு நாற்பத்து மூன்று நாற்பத்து நான்கு வயதாகும்போது அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். அது அம்மா வீட்டில்தானே? ஒரே அறையில் இரண்டு பெண்கள். மகளுக்குப் பெட்டகத்தில் நெய், பேரீச்சம்பழம், ஹெல்த் மிக்ஸ், இரும்பு டானிக். வீடு தேடி வந்து ரத்த அளவு பார்க்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று குழந்தையை வாங்குகிற அம்மாவுக்கு மாதவிடாய் நிற்கப் போகிற நேரத்துப் பெரும்பாடு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து எட்டு பத்து நாள் நிற்காமல் போகிறது, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தக் கணக்கில் இந்த அம்மாவும் இருக்கிறாள். ஆனால் என்னிடம் இருந்த பதிவேட்டில் மகளின் பெயருக்குத்தான் வரி இருந்தது, அம்மாவுக்கு என்று ஒரு கட்டம் இருந்ததில்லை. ராத்திரி குழந்தை அழுதால் எழுந்திருக்க வேண்டியதும் அவள்தான்.

வேலை செய்கிற இடத்துக்கு வருவோம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டால் முதலில் சொல்வது கழிப்பறைதான். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரை, பன்னிரண்டு வரைக்கும் நாலைந்து வீடு. பல வீடுகளில் கழிப்பறையைக் கழுவ வேண்டும், ஆனால் பயன்படுத்தக் கூடாது. அதனால் காலையில் டீயோடு சரி, தண்ணீரே குடிப்பதில்லை. இளம் வயதில் உடம்பு தாங்கிக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு சிறுநீர்ப் பாதையின் உட்தோல் மெலிந்து, கிருமித்தொற்று சுலபமாகப் பிடிக்கிறது. அடக்கவும் முடியாது, தும்மினால் இருமினால் கசியும். தண்ணீரும் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கி வைத்தால் கேட்கவே வேண்டாம். நீர்க்கடுப்பு என்று மருந்துக் கடையில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், பாதி குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த மாதம் மறுபடியும் அதே கடை. சேலை ஈரமாகிவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போக வெட்கம், போகாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007இலேயே நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. அட்டை வைத்திருப்பவர்களே குறைவு, வைத்திருந்தாலும் மாதத்தில் ஒரு நாள் உடம்பு முடியவில்லை என்று சம்பளத்தோடு படுத்துக்கொள்ள அந்த அட்டை உதவாது.

துணிக்கடையில் நிற்கிற பெண்களுக்காவது 2021இல் சட்டத்தைத் திருத்தி உட்கார இருக்கை கொடுக்கச் சொன்னார்கள். கேட்டு வாங்கிய சட்டம் அது, நல்ல சட்டம். தெருக் கூட்டுகிறவர்களுக்கு எந்த இருக்கை? 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களில் பெண்கள் எவ்வளவு பேர், எந்த வயதுக்காரர்கள் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலை நிரந்தரம் பற்றி எல்லோரும் பேசினோம், பேச வேண்டியதுதான். வெயிலில் குப்பை வண்டி தள்ளும்போது தகிப்பும் பெரும்பாடும் சேர்ந்து வந்தால் எங்கே போய் ஒதுங்குவது என்பதையும் யாராவது கேட்டிருக்கலாம்.

அப்புறம் யாரும் வெளியே சொல்லாத ஒன்று. உங்கள் கட்டுரையில் "துணையிடம் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். வறட்சியால் உறவின்போது வலி, சில சமயம் ரத்தக் கசிவும் இருக்கும். வேண்டாம் என்றால் புருஷனுக்குக் கோபம், கோபம் முற்றினால் சந்தேகம், பேரன் எடுத்த பெண்ணை, "எவன்கிட்ட போற?" என்று கேட்டு அடித்த வீடுகள் எனக்குத் தெரியும். அவளிடம் போய் மனம்விட்டுப் பேசு என்றால் சிரிப்பாள். அதற்கு மருந்து இருக்கிறது, உள்ளே தடவுகிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு, பல பெண்களுக்குச் சில வாரங்களில் நல்ல குணம் தெரியும், சிறுநீர்த் தொற்றும் குறையும். ஆனால் புறநோயாளிப் பிரிவில் பத்துப் பேர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது, இளம் ஆண் மருத்துவரிடம் அவள் சொல்லப் போவது "இடுப்பு வலி சார்" என்பதுதான். இடுப்பு வலிக்குத் தைலமும் கால்சியமும் வாங்கிக்கொண்டு வருவாள்.

"இதெல்லாம் இந்த வயசுல வர்றதுதான்" என்று சொல்லி அனுப்புவதில் இன்னொரு ஆபத்து. ராத்திரி வியர்க்கிறது என்றால் எல்லாமே மாதவிடாய் நிற்கும் கோளாறா? எங்கள் பக்கம் காசநோய் இன்னும் இருக்கிறது. சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு இவற்றோடு ராத்திரி வியர்வை சேர்ந்தால் சளிப் பரிசோதனைதான் முதலில். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை மகனுக்கு எடுத்து வைத்துவிட்டுப் பட்டினி படுக்கிற பெண்ணுக்கும் நடுராத்திரியில் வியர்த்துப் படபடக்கும், அது சர்க்கரை இறங்கியதால். படபடப்பு ரத்தசோகையாலும் வரும், தைராய்டாலும் வரும். எல்லாவற்றுக்கும் மேலே, மாதவிடாய் நின்று முழுசாக ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். எங்கள் பெண்கள் இதை "மறுபடியும் வந்துடுச்சு நர்ஸம்மா" என்று சிலபேர் சந்தோஷமாகவே சொல்வார்கள், இன்னும் வயசு இருக்கிறது என்று. பலருக்கு அது ஒன்றுமில்லாமல் போகலாம், ஆனால் சிலருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்தக் கூடியது. ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் உள்சுவரில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துப் பார்க்காமல் விடக் கூடாது. உங்கள் கட்டுரையில் சோயாவுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

எலும்பு பற்றி ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கெல்லாம் எங்கள் பெண்கள் போவதில்லை, அவர்களுக்கு அது தெரியவருவது குழாயடிப் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு முறியும்போதுதான். நேராகப் புத்தூர்க் கட்டு. கட்டுப் போட்டு எலும்பு கூடிவிடும், சில சமயம் கோணலாக. ஐம்பது வயதில் சும்மா விழுந்ததற்கே மணிக்கட்டு ஏன் முறிந்தது என்று யாரும் கேட்பதில்லை, அடுத்த முறிவு முதுகெலும்பிலோ இடுப்பிலோ வரும்வரை. ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நல்ல வேளையாக இதில் மட்டும் ஏழைச் சாப்பாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு, முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலியிலும் நிறைய. மூலைக்கு மூலை கூழ் வண்டி இருக்கிற ஊரில் பாதாம் எதற்கு?

கர்ப்பப்பை எடுத்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கூட வேலை பார்த்தவர்களே என்னைத் திட்டுவார்கள். வெள்ளைப்படுதல், பெரும்பாடு, அடிவயிற்று வலி எதற்குப் போனாலும், "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு, வெச்சிருந்தா கேன்சர் வரும்" என்று பயமுறுத்தி எடுத்துவிடுகிற இடங்கள் உண்டு. இந்தியாவில் கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு அப்போது வயது பெரும்பாலும் முப்பதுகளின் நடுவில்தான், மூன்றில் இரண்டு பங்கு அறுவை சிகிச்சை தனியாரில் நடக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு நடந்தது 2019இல் நாடு முழுக்கச் செய்தியானது. வேலைக்கு இடைஞ்சல் என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னது. முட்டை உருவாகும் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுநாளிலிருந்தே மாதவிடாய் நின்ற உடம்பு. படிப்படியாக வர வேண்டியது ஒரே இரவில் வந்து சேரும். முப்பத்தைந்து வயதில் அப்படி ஆனவளுக்கு எலும்பும் இதயமும் இன்னும் முப்பது நாற்பது வருடம் ஓட வேண்டும். சினைப்பையை எடுத்தார்களா விட்டார்களா என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் தாள் இங்கிலீஷில் இருக்கும், அதுவும் எப்போதோ மழையில் நனைந்து போயிருக்கும்.

ஹார்மோன் மாத்திரை பற்றி நிறையப் பயம் இருக்கிறது, 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து. அதே ஆய்வைப் பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது: 60 வயதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று பத்து ஆண்டு ஆகாத, மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் போன்றவை இல்லாத பெண்ணுக்குத் தகிப்பு தாங்க முடியாமல் இருந்தால், கெடுதலைவிட நன்மையே பெரும்பாலும் அதிகம் என்பதுதான் இப்போதைய நிலை. எல்லோருக்கும் வேண்டியதில்லை. வேண்டாதவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு, நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கிற கபாபென்டின்கூட ராத்திரித் தகிப்பைக் குறைக்கும். சிறுநீர்க் கசிவுக்கு மருந்தே இல்லாமல், சிறுநீரை அடக்குகிற தசையை இறுக்கிப் பிடித்துத் தளர்த்துகிற பயிற்சியே பலருக்குப் போதும், விடியல் பயணத்து இலவச பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரருக்கும் தெரியாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம்தான் எங்கேயும் கிடைப்பதில்லை.

கிடைக்க வைக்க முடியும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். புதுத் திட்டம், புதுக் குழு, புது லோகோ எதுவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களின் வீட்டு வாசலுக்கே சர்க்கரை, பிபி மாத்திரையோடு போகிறார்கள். சரியாக இதே வயது, இதே வாசல். அவர்கள் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்டால் போதும்: கடைசியாக எப்போது தீட்டு வந்தது, நின்ற பிறகு ரத்தம் பட்டதா, ராத்திரி வியர்வையோடு இருமலோ எடை குறைவோ உண்டா, சிறுநீர் கசிகிறதா, எரிகிறதா, கர்ப்பப்பை எடுத்தாயிற்றா, எந்த வயதில், சமீபத்தில் விழுந்து எலும்பு முறிந்ததா. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் வாசலில் உட்கார்ந்து கேட்டால் பதில் வரும், எனக்கு வந்திருக்கிறது. இப்போது கொடுக்கிற ஊக்கத்தொகைக்கே இதையும் தலையில் கட்டாமல் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கட்டும்.

அடுத்தது நேரம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை ஏழு மணிக்குச் சீட்டுக்கு நின்று மதியம் இரண்டாகிவிடும், ஒரு நாள் சம்பளம் போச்சு. 2023இல் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள், காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 வரை என்று நேரம் வைத்து. மாலை நேரம் என்று யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. சாயங்காலப் பாத்திரத்தையும் தேய்த்துவிட்டு ஆறரை மணிக்கு வரக்கூடிய இடம் அது. வாரத்தில் ஒரு மாலை அங்கே பெண் மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ இதற்கென்றே உட்காரட்டும், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு அறை இருக்கட்டும், ரத்த அளவு பார்க்கட்டும், முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஏற்கெனவே இருக்கிற கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையையும் அதே மாலையில் முடித்துவிடட்டும். களிம்பும் மாத்திரையும் அங்கேயே கிடைக்க வேண்டும், வெளியே எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறதே என்பார்கள். அது வந்த அன்றைக்கே கேஸுக்கும் தவணைக்கும் போய்விடுகிறது, அவளுடைய உடம்புக்கு என்று அதில் நூறு ரூபாய் ஒதுக்குகிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

தண்ணீர் ராத்திரி மூன்று மணிக்கு வருவதற்குப் பதிலாக ஐந்து மணிக்கு வரட்டும் என்று கேட்பது சுகாதாரத் துறையின் வேலையா என்று யாராவது கேட்கலாம். இரண்டு மணி நேரத் தூக்கத்தை எந்த மாத்திரையாலும் கொடுக்க முடியாது, ஆகவே ஆமாம், அதுவும் சுகாதாரத் துறையின் வேலைதான், குடிநீர் வாரியத்தோடு உட்கார்ந்து பேசட்டும்.

கடைசியாக உங்களிடமும் உங்கள் வாசகர்களிடமும். இந்தப் பத்திரிகையைக் காலையில் காபியோடு படிக்கிற பல வீடுகளில் அந்நேரம் சமையலறையில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நாற்பத்தைந்து ஐம்பது வயது இருக்கலாம், ஆதாரில் உள்ள வயதை நம்ப வேண்டாம். எந்தக் கழிப்பறையை அவர் பயன்படுத்தலாம் என்று அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள், மாதத்தில் ஒன்றிரண்டு நாள் சம்பளம் பிடிக்காத லீவும் கொடுங்கள். ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, எந்தெந்த அரசு மையத்தில் மகளிர் மருத்துவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இருக்கிறார் என்று பகுதிவாரியாக விசாரித்து ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில். அதற்கு அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை-39.